பயன்பாட்டில் இல்லாத பாதை

தன்னை நம்ப முடியாது என்று தானே சொல்லி எழுதவைத்த மனு, சென்னைவரை போய்ச் சுற்றிவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலை எழிலரசியின் மேசைக்கே திரும்பி வந்தது.

ஆலங்கரணைக்கு அவள்தான் கிராம நிர்வாக அலுவலர். ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டுப் பக்கம் போகிற சாலையில், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தேடிப்பிடித்து இறங்க வேண்டிய ஊர். அலுவலகம் என்று பெயர், இருப்பது ஒற்றை அறை. மழை வந்தால் கம்ப்யூட்டரைத் தூக்கி பீரோ மேல் வைக்க வேண்டும். கிராம உதவியாளர் பாண்டுரங்கன் தாலுகா ஆபீஸ் தபாலை மேசையில் போட்டுவிட்டு, டீ சொல்ல வாசல்வரை போனவர், என்னவோ தோன்றித் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா மேடம், மூஞ்சி ஒரு மாரி ஆயிடுச்சு?”

“ஒண்ணுமில்லண்ணே. வெயில்.”

காலை பத்து மணிக்கு என்ன வெயில். பாண்டுரங்கன் அதற்குமேல் கேட்கவில்லை. பல கிராம நிர்வாக அலுவலர்களைப் பார்த்தவர் அவர். எப்போது டீ வாங்கப் போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

காலனித் தெருக் கிழவி கங்கம்மாளின் ஒரு பக்க மனுவுக்கு மேலே இப்போது ஒரு கத்தைக் காகிதம் சேர்ந்திருந்தது. சென்னையில் பெண்களுக்கென்று இருக்கிற ஓர் ஆணையம் அதை மாவட்டத்துக்கு அனுப்பியிருந்தது. மாவட்டம் கோட்டத்துக்கு, கோட்டம் தாலுகாவுக்கு, தாலுகா வருவாய் ஆய்வாளருக்கு, ஆய்வாளர் இவளுக்கு. ஆளாளுக்கு ‘உரிய நடவடிக்கைக்காக’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கை கழுவியிருந்தார்கள். மனுவை யாராவது படித்தார்களா என்றால், படித்த அடையாளமே இல்லை. படித்திருந்தால், ‘எங்கள் கிராம நிர்வாக அலுவலர் மேல் நம்பிக்கை இல்லை, வேறு அதிகாரியை அனுப்புங்கள்’ என்று கெஞ்சுகிற மனுவை அந்தக் கிராம நிர்வாக அலுவலருக்கே அனுப்பிவைப்பார்களா? அனுப்பிவைப்பார்கள். இந்த உத்தியோகத்தில் பத்து வருஷம் குப்பை கொட்டிய எழிலரசிக்கு அது தெரியாமல் போனதுதான் ஆச்சரியம்.

விஷயம் இதுதான். ஆலங்கரணையின் காலனித் தெருவிலிருந்து மெயின்ரோட்டுக்கு ஒரு பழைய வண்டிப்பாதை போகிறது. அரசாங்கப் பாதை, கிராம வரைபடத்தில் இரட்டைக் கோடாக இருக்கிறது. வண்டி மாடெல்லாம் ஊரை விட்டுப் போய்விட்டது. ஆனால் விடிந்தால் அடைந்தால் காலனிப் பெண்கள் அதில்தான் போகிறார்கள், வருகிறார்கள். பாதை போய் முட்டுகிற இடத்தில்தான் கம்பெனி பஸ்கள் நிற்கும். ஏ ஷிப்டு, பி ஷிப்டு, சி ஷிப்டு என்று மூன்று வேளையும் செருப்புத் தடம் காய்வதில்லை.

அந்தப் பாதைக்கு இந்தப் பக்கமும் ஒரு குடோன், அந்தப் பக்கமும் ஒரு குடோன். இரண்டும் ஒரே கம்பெனிக்காரர்களுடையது. நடுவில் ஓடுகிற பாதையை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஏரிக்கரை ஓரமாக அதே அளவு நிலத்தைக் கொடுத்துவிட்டால், இரண்டு காம்பவுண்டும் ஒன்றாகிவிடும். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. ஒரே ஒரு சங்கதி வேண்டும். ‘மேற்படி பாதை பயன்பாட்டில் இல்லை’ என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

பாதை போனால் என்ன, சுற்றிக்கொண்டு போகலாமே என்று கேட்கிறவர்கள் ஒருமுறை லாரி ரோட்டில் நடந்து பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் கண்டெய்னர்கள் வரிசையாக நிற்கும். நடப்பதற்கு மிச்சமாக இருப்பது அவற்றுக்கும் ஓடுகிற லாரிக்கும் நடுவே உள்ள ஒரு முழ இடம். கங்கம்மாளின் மகன் சுபாஷ் அந்த ஒரு முழத்தில்தான் லாரி அடித்துப் போனான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. அவன் பெண்டாட்டி அமலா பிறந்தவீட்டுக்குப் போகாமல் மாமியாரோடேயே இருந்துவிட்டாள். அவன் வேலைபார்த்த கம்பெனியிலேயே கேபிள் கட்டுகிற லைனில் இப்போது அவள் நிற்கிறாள். கங்கம்மாளுக்கு உலகத்தில் மிச்சமிருப்பது அந்த மருமகள் ஒருத்திதான். வீட்டை விட்டுக் கிளம்புகிற அமலா அந்தப் பாதையில் திரும்பி நடக்கிறவரை கிழவி வாசலை விட்டு நகரமாட்டாள்.

தாசில்தார் அறிக்கை கேட்டபோது எழிலரசி முடியாது என்று சொல்லவில்லை. முடியாது என்ற வார்த்தையை இந்த உத்தியோகத்தில் யாரும் சொல்வதில்லை. ‘பார்க்கிறேன் சார்’ என்றாள். பிறகு ‘வரைபடம் சரிபார்க்கணும் சார்’ என்றாள். பிறகு காய்ச்சல் என்றாள். அவளுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் வேறு ஏதோ ஒரு ஏரிக்கரை விஷயத்தில் முரண்டு பிடித்தார். அவர் மேல் பதினேழு பி போட்டார்கள். அரசு ஊழியனுக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை என்றால் சாதாரணமில்லை; அது முடிகிறவரை பதவி உயர்வும் இல்லை, தூக்கமும் இல்லை. அந்த மனுஷன் இன்னும் எங்கேயோ ஒரு தாலுகாவில் விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

காய்ச்சலும் தீர்ந்துபோன ஒரு நாளில்தான் எழிலரசிக்கு அந்த யோசனை வந்தது. மேலே யாராவது ‘வேறு அதிகாரியை வைத்து விசாரி’ என்று சொல்லிவிட்டால் போதும், விவகாரம் தன் கையை விட்டுப் போய்விடும். வருகிறவர் பாதையைப் பார்ப்பார். பார்த்தால் குருடனுக்கும் தெரியும், அது நடமாட்டமுள்ள பாதை என்று. பாதையும் பிழைக்கும், தானும் பிழைக்கலாம். கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுத்தால் மனு தன்னிடமே இறங்கிவரும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் சென்னைக்கு அனுப்பவைத்தாள். வேறு அதிகாரி வர வேண்டுமானால் இருக்கிற அதிகாரி மேல் ஒரு குறை வேண்டுமே. அதையும் அவளே சொன்னாள்: ‘எங்கள் கிராம நிர்வாக அலுவலர் கம்பெனிக்கு உடந்தையாக இருப்பார் என்று அஞ்சுகிறேன்.’

கங்கம்மாள் அன்றைக்குப் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“உம்மேல நா எப்டிம்மா பழி போடுவேன்? சாமி கண்ணக் குத்தாது?”

“பழி இல்ல பெரிம்மா. நான்தானே சொல்றேன். இப்டி எழுதினாத்தான் வேற ஆபீசர் வருவாங்க.”

“அவுரு வந்து இன்னா பண்ணப் போறாரு? நீ கீறியே, நீயே எய்திக் குடேன். பாத கீது, ஜனங்க நடக்குதுன்னு.”

எழிலரசிக்கு அப்போது வெட்கமாக இருந்தது. கிழவி கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நியாயமாகப் பார்த்தால் அதுதான் அவள் வேலை, அதற்குத்தான் சம்பளம். எப்படியோ பேசிப் பேசிக் கையெழுத்து வாங்கி, தானே ஸ்ரீபெரும்புதூர் தபாலாபீசில் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தாள். சென்னையில் எந்த வாசலில் கொண்டுபோய்ப் போட்டாலும் இறங்கிவருகிற படிக்கட்டு ஒன்றுதான் என்பது அந்தப் புத்திசாலிக்கு அன்று உறைக்கவில்லை.

போன் அடித்தது. தாசில்தார் வரதராஜுலு.

“தபால் வந்துச்சாம்மா? ஒரு நடை வந்துட்டுப் போங்க.”

வரதராஜுலு சத்தம் போடுகிறவர் இல்லை. ஊழியர்களை வாங்க போங்க என்றுதான் பேசுவார், எதிரில் வந்து நிற்கிறவரை உட்காரச் சொல்வார், டீ வரவழைப்பார். எழிலரசி அவரிடம் பயப்படுவதற்குக் காரணமே அந்த மரியாதைதான். கத்துகிறவரிடம் அழுதாவது தப்பிக்கலாம்.

“இந்த மனுவ முழுசாப் படிச்சது நான் ஒருத்தன்தான் போல” என்றார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடைசிப் பத்தியை நிதானமாக வாசித்தார். “கம்பெனிக்கு உடந்தைன்னு எழுதியிருக்காங்க. உங்களப் பத்தி. எனக்கே கஷ்டமாப் போச்சு. ஏன்னா, கம்பெனிக்கு உடந்தையா இருங்கன்னு நானே தலைகீழா நின்னாலும் நீங்க இருக்கமாட்டேங்கறீங்க.”

எழிலரசி சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் டீ கிளாசைப் பார்த்தாள்.

“ஒளிவுமறைவில்லாம சொல்றேம்மா. ரெண்டு வழி இருக்கு. மனு குடுத்த அம்மாவே வாபஸ் வாங்கிட்டாங்கன்னா மனு முடிஞ்சுது. கூடவே உங்க அறிக்கை, பாதை காலியா இருக்கற மாதிரி ஒரு ஜிபிஎஸ் போட்டோ. சாயந்திரம் நான் மேல அனுப்பிடறேன், நிலுவையும் பூஜ்யம். இல்லன்னா உங்க மேல வந்த புகார நான் விசாரிச்சாகணும். விசாரணைன்னா செவன்டீன் பிதான். எனக்கு வேற வழி இல்ல. ஆணையத்துலேருந்து வந்த தபால், அப்படியே போட்டுவைக்க முடியாது.”

“சார், அந்தப் பாதையில ஜனங்க தினம் நடக்கறாங்க.”

“எனக்குத் தெரியாதா? நானும் அந்தப் பக்கம் போயிருக்கேன்.” அவர் குரல் தாழ்ந்தது. “எனக்கு ரிட்டயர்மென்ட் வருதும்மா. கடைசி நேரத்துல மேலேருந்து தினம் ஒரு போன். நீங்க போடலன்னா உங்கள மாத்திட்டு வேற ஒருத்தரப் போடுவாங்க. அவரு வந்த அன்னிக்கே கையெழுத்துப் போடுவாரு. பாதை எப்படியும் போயிடும். நீங்களும் சேர்ந்து போகணுமான்னு மட்டும் யோசிங்க.”

இது நான் சொல்லி எழுதினது சார் என்று வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் என்ன ஆகும்? அரசு ஊழியர் பொதுமக்களைத் தூண்டி அரசுக்கு எதிராக மனு போடவைத்தார் என்று ஆகும். அது பதினேழு பியோடு நிற்காது. உண்மையைச் சொன்னால் ஒரு குழி, சொல்லாவிட்டால் ஒரு குழி, இரண்டையும் வெட்டியது அவளேதான். டீயைக் குடித்து முடித்தாள். ஆறிப்போயிருந்தது.

வாபஸ் கடிதமும் அறிக்கையும் ஏற்கனவே டைப் செய்யப்பட்டுத் தயாராக இருந்தன. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

வெளியே வந்து புருஷன் லோகேஷுக்குப் போன் போட்டாள். லோகேஷ் ஒரு கார் கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தவன். முதுகு பிடித்துக்கொண்டதும் லைனிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அவன் வீட்டிலும் சரி, காஞ்சிபுரத்தில் அவள் பிறந்தவீட்டிலும் சரி, கவர்மென்ட் உத்தியோகம் என்று சொல்லிக்கொள்ள எழிலரசி ஒருத்திதான். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சொந்தக்காரர்கள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ‘விஏஓ வந்துட்டா’ என்றுதான் சொல்வார்கள். மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அம்மா என்ன வேலை என்று கேட்டால் எழுந்து நின்று சொல்கிறாளாம்.

“போட்டுக் குடுத்துட்டு வா எயிலு” என்றான் லோகேஷ். பின்னால் ‘ஒரகடம், ஒரகடம்’ என்று யாரோ கூவிக்கொண்டிருந்தார்கள். “நீ போடலன்னா வேற ஒருத்தன் போடப்போறான். நமக்கு இன்னாத்துக்கு ரோதன?”

தாசில்தாரும் ஆட்டோக்காரனும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள். அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். உண்மை என்பதால் அது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

மதியம் பாண்டுரங்கனைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு காலனித் தெருவுக்குப் போனாள். கங்கம்மாள் வீட்டு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அமலாவின் கம்பெனி சட்டையைக் கும்மிக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறச் சட்டை, காலரில் மட்டும் நுரை பூசியிருந்தது. இவளைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“வா யம்மா வா. இன்னா இந்த வெயில்ல? பாண்டு, நீயும் குந்து. மோர் கீது, கொண்டாரேன்.”

“மோர் வேணாம் பெரிம்மா. அந்த மனு விஷயமா வந்தேன்.”

கங்கம்மாள் முகம் சட்டென்று சுருங்கியது. “வேற ஆபீசர் வந்துட்டாங்களா?”

“இல்ல. மனு எங்கிட்டயே வந்துடுச்சு. அதுல என்னைப் பத்தி எழுதியிருந்தோமில்ல... அதுக்கு என்னை விசாரிக்கணும்னு சொல்றாங்க.”

“பாத்தியா!” கிழவி தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். “அப்பவே சொன்னேனா இல்லியா? நல்ல மனுசி மேல பொய்யி எய்துனா வெளங்குமா? நா பாவி, கையெழுத்து வேற போட்டேன். உன் வேலைக்கு இன்னாச்சும் ஆயிடுமா?”

“ஆகலாம்.”

“அய்ய! அப்ப அத்த கிய்ச்சிப் போடு. எங்க கையெழுத்து போடணும், சொல்லு, போடறேன். உனுக்கு ஒரு கஷ்டம்னா எனுக்கு எந்தப் பாதையும் வாணாம்.”

கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டாள். எழிலரசி வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த பேச்சு எதற்கும் வேலை இல்லாமல் போயிற்று. கிழவி சண்டை போடுவாள், மாட்டேன் என்பாள், ‘மனுதாரர் வாபஸ் பெற மறுத்துவிட்டார்’ என்று எழுதிவிட்டு வந்துவிடலாம் என்றுகூட அடிமனசில் ஒரு ஆசை இருந்தது. அந்தக் கதவும் சாத்திக்கொண்டது.

வாபஸ் கடிதத்தில் இரண்டு வரிதான். முதல் வரி, மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்பது. இரண்டாவது வரி, மேற்படி பாதையை நாங்கள் யாரும் பயன்படுத்துவதில்லை என்பது. எழுதப் படிக்க அதிகம் தெரியாதவரிடம் கையெழுத்து வாங்கும்போது வாசித்துக்காட்ட வேண்டும் என்பது முறை.

“படிச்சுக் காட்டறேன் பெரிம்மா.”

“நீ கொண்டாந்தத இன்னாத்துக்குப் படிக்கணும்?” கங்கம்மாள் பேனாவை வாங்கிக்கொண்டாள். பாண்டுரங்கனின் தபால் பையைத் தொடைமேல் வைத்து, அதன்மேல் காகிதத்தை விரித்து, நாக்கைத் துருத்திக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் போட்டாள். அறிவொளி வகுப்பில் கற்ற கையெழுத்து. ‘கங்’ என்றவரை வந்ததும் நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

“இத்த குடுத்துட்டா உன்ன வுட்டுருவாங்க இல்ல?”

“விட்டுடுவாங்க.”

“பாதைக்கு ஒண்ணும் ஆவாதில்ல?”

சொல்ல வேண்டிய இடம் அதுதான். பாண்டுரங்கன் முருங்கைமரத்தை நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். எழிலரசி வாயைத் திறந்தாள். சொன்னால் கங்கம்மாள் என்ன செய்வாள் என்று அவளுக்கு ஒரு நொடியில் தெரிந்துபோயிற்று. பேனாவைக் கீழே வைக்கமாட்டாள். அமலாவை நினைத்துக் கொஞ்சம் அழுவாள், பிறகு இவள் வேலையை நினைத்து மிச்ச எழுத்தையும் போட்டுக் கொடுத்துவிடுவாள். அதைப் பார்க்கிற தைரியம் எழிலரசிக்கு இல்லை.

பதில் வருவதற்குள் கிழவியே பதிலையும் சொல்லிக்கொண்டாள். “நீ கீற வரிக்கும் அது எங்க பூடப்போவுது.” மிச்ச எழுத்தையும் போட்டு முடித்தாள். கடைசிப் புள்ளியை வைத்துவிட்டுத் தன் பெயரைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “ஆனா ஒண்ணு. அமலாவுக்கு இந்த மனுவு சங்கதி எதுவும் தெரியாது. சொன்னா பயந்துக்கும். நீயும் சொல்லாத.”

கிளம்பும்போது வழக்கம்போல ஒரு கட்டு முருங்கைக்கீரை ஒடித்துக் கையில் திணித்தாள். அரசு ஊழியர் கைக்கூலி வாங்கக் கூடாது. முருங்கைக்கீரை அதில் சேராது என்று எழிலரசி வேலைக்கு வந்த நாளிலிருந்து தனக்குள் ஒரு விதி வைத்திருந்தாள். இன்றைக்கு அந்தக் கட்டு அவளுக்குக் கனத்தது.

பாதை இரண்டு காம்பவுண்டுச் சுவர்களுக்கு நடுவே நேராக ஓடியது. நடுப்பகலில் ஆளில்லை. செருப்புத் தடமும் சைக்கிள் தடமுமாக மண் இறுகிக் கிடந்தது. யாரோ விட்டுப்போன ஒரு சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது.

“சட்டுனு எடுத்துருங்க மேடம்” என்றார் பாண்டுரங்கன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “ஏ ஷிப்டு வுடற நேரம். பஸ்ஸு வந்துடும்.”

அவள் போனை எடுத்து ஜிபிஎஸ் கேமராவைத் திறந்தாள். இடமும் தேதியும் நேரமும் போட்டோவிலேயே பதிய வேண்டும், அப்போதுதான் செல்லும். இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர், சிக்னல் கிடைக்கவில்லை. இடத்தைத் தேடுகிறேன் என்று ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் கையைத் தூக்கிப் பிடித்தாள், இந்தப் பக்கம் போனாள், அந்தப் பக்கம் போனாள். வட்டம் சுற்றியது. சுற்றட்டும் என்று நினைத்தாள். சுற்றிக்கொண்டே இருக்கட்டும்.

மெயின்ரோட்டில் பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்து மூடியது. பாதையின் அந்தக் கோடியில் சாம்பல் நிறச் சட்டைகள் தெரிந்தன. டிபன் பை தோளில் தொங்க, ஐடி கார்டு கழுத்தில் ஆட, எதற்கோ சிரித்துக்கொண்டு ஒரு கூட்டமே பாதை நிறைய வந்தது. முன்னால் அமலா.

எழிலரசிக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது. இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு காலிப் பாதை என்று யார் போட்டோ எடுக்க முடியும்? எடுக்க முடியவில்லை சார், ஆள் நடமாட்டம் இருக்கிறது சார், வேண்டுமானால் நீங்களே வந்து பாருங்கள் சார். அவள் மனசுக்குள் அந்த வாக்கியத்தைக் கோத்துக்கொண்டிருந்தாள். இந்த முறை சொல்லிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

அப்போது அமலா கையை விரித்துக் கூட்டத்தை நிறுத்தினாள்.

“ஏய் நில்லுங்கடி. மேடம் போட்டோ எட்த்துகினு கீறாங்க.”

பேச்சும் சிரிப்பும் நின்றன. “ஓரமா வாங்கடி, ஓரமா” என்று ஒருத்தி இன்னொருத்தியைப் பிடித்து இழுத்தாள். எல்லோரும் பின்வாங்கி, சுவர் முடிகிற திருப்பத்துக்கு அப்பால் போய் மறைந்து நின்றுகொண்டார்கள். அமலா மட்டும் திரும்பி ஓடிவந்தாள். சாய்ந்து கிடந்த சைக்கிளைப் பார்த்து, “இது வேற நடுவுல” என்று முணுமுணுத்து, அதைத் தள்ளிக்கொண்டு போய் அப்பால் நிறுத்தினாள். தரையில் கிடந்த ஒரு தண்ணீர் பாட்டிலையும் குனிந்து பொறுக்கிக்கொண்டாள். பிறகு திருப்பத்துக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

“இப்ப எடுங்க மேடம். யாரும் இல்ல.”

போனில் வட்டம் சுற்றுவது நின்றிருந்தது. இடம், தேதி, நேரம், எல்லாம் வந்துவிட்டன. நடுவே பாதை, ஒரு குறையும் இல்லாமல், சுத்தமாக, காலியாக.

பாண்டுரங்கன் இப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழிலரசி அழுத்தினாள்.

“எடுத்தாச்சா? நாங்க வர்லாமா?”

“வாங்கம்மா” என்றாள். தன் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது.

மறுபடியும் பாதை நிறைந்தது. எட்டு மணி நேரம் நின்ற கால்களைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தார்கள். கடந்துபோகும்போது ஒவ்வொருத்தியும் ஒரு வணக்கம் வைத்தாள். அவர்களில் புதிதாகச் சேர்ந்த சின்னப்பெண் ஒருத்தி அமலாவின் காதருகே ஏதோ கேட்டாள்.

“லைட்டு போடத்தான் போட்டோ எடுத்திருப்பாங்க” என்று அமலா அவளுக்குச் சொன்னாள். “சி ஷிப்டு முடிஞ்சு வரச்சொல்ல இங்க ஒரே இருட்டுன்னு எங்கத்த மேடத்தாண்ட சொல்லிகினே இருந்துச்சு.” பிறகு எழிலரசி பக்கம் திரும்பினாள். முகத்தில் வேர்வையும் சிரிப்பும் ஒன்றாக இருந்தன. “அதான மேடம்? லைட்டு எப்ப வரும்?”

எழிலரசி கீரைக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, அவர்கள் போவதற்கு வழிவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.

“வரும்மா” என்றாள்.